யார் எடுப்பாங்க?

எங்கள் குடும்பத்தில் இத்தனை செல்போன் நிபுணர்கள் இருப்பது எனக்கே தெரியாது. மகளுக்கு ஒரு போன் வாங்க வேண்டும் என்று வாயைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

அவளுக்குப் பதினொரு வயது. வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பட்டப்பெயர். பேச்சு வந்த நாளிலிருந்து குறுக்குக் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. இவ்வளவு நாளும் பள்ளி விட்டு வந்ததும் எதிர்வீட்டு அக்காவிடம் இருப்பாள், நான் வேலை முடிந்து வந்து கூட்டிக்கொள்வேன். அந்த அக்கா வீடு மாறிப் போய்விட்டார். எதிர்க் கதவில் பூட்டு தொங்குகிறது. இனி இவளே சாவி போட்டுத் திறந்து, நான் வரும்வரை தனியாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் போன். விஷயம் இவ்வளவுதான்.

இவ்வளவோடு விட்டார்களா?

"பட்டன் போன் போதும். பேசுறதுக்குத்தானே போன்?" என்றார் என் வீட்டுக்காரர். கட்டட வேலையில் உயரமான கிரேன் ஓட்டுகிறவர். எதையும் மேலேயிருந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

"என்ன மாமா நீங்க, எந்தக் காலத்துல இருக்கீங்க?" என்று என் தம்பி குதித்தான். வருஷத்துக்கு ஒரு போன் மாற்றுகிறவன். ஒரே போனில் இரண்டு சிம் போட்டு இரண்டிலும் ஓயாமல் பேசுகிறவன். "கேமரா நல்லா இருக்கணும்க்கா. பாட்டரி ரெண்டு நாள் நிக்கணும். கீழ போட்டா உடையக் கூடாது. எங்கிட்ட விடு, நான் பாத்துக்கறேன்."

எனக்கு வேண்டியது வேறு. அவள் எங்கே இருக்கிறாள் என்பது என் போனில் தெரிய வேண்டும். நான் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். டாக்டருக்குக் கத்தியும் கத்தரியும் எடுத்துக் கொடுப்பது என் வேலை. உள்ளே போன பஞ்சுத் துண்டில் ஒன்று குறைந்தாலும் தேடி எடுக்காமல் வயிற்றைத் தைக்க விடமாட்டேன். அப்படிப்பட்டவள் பெற்ற பிள்ளையை எங்கே என்று தெரியாமல் விடுவேனா?

ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்ததில் நாள்கள் ஓடின. சாப்பாட்டுத் தட்டின் முன் போன் பேச்சு, படுக்கும்போது போன் பேச்சு. இவர் ஒருநாள் கோபித்துக்கொண்டு கை தவறி ஒரு கண்ணாடி டம்ளரைக்கூட உடைத்தார். கை தவறித்தான் என்று இன்றைக்கும் சாதிக்கிறார். கடைசியில் நான் பிடித்த பிடியில் நின்று ஜெயித்தேன். நான் சொன்ன போனில் எனக்கு வேண்டியது இருந்தது, தம்பிக்கு வேண்டிய கேமராவும் இருந்தது. இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

போன் யாருக்கோ, அவளிடம் மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கடைக்காரர்தான் கேட்டார். அட்டைப் பெட்டியைப் பிரித்தபடி, "பாப்பாவுக்கு ஏதாச்சும் சந்தேகம் இருக்கா?" என்றார்.

"பாப்பா இல்ல," என்றாள் முதலில். பிறகு, "இதுல நான் கூப்பிட்டா யார் எடுப்பாங்க?" என்று கேட்டாள்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "நீ யாரைக் கூப்பிடுறியோ அவங்கதான்மா எடுப்பாங்க."

"நாங்க மூணு பேர் இருக்கோம்ல, எடுக்காம எங்க போவோம்?" என்று தம்பி அவள் தலையைத் தட்டினான். இவரும் சிரித்தார். நானும்தான் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. நீல நிற உறை ஒன்றை எடுத்துக்கொண்டு பேசாமல் வந்தாள்.

முதல் சில நாள்கள் போனுக்கு வேலையே இருக்கவில்லை. அவள் வந்த கையோடு நானும் வந்துவிட்டேன். தியேட்டரிலிருந்து வெளியே வந்ததும் போனைத் திறந்து பார்ப்பேன். பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகும் சாலையில் சின்னப் புள்ளி ஒன்று நகர்ந்துகொண்டிருக்கும். எனக்கு அவ்வளவு பெருமை.

அப்புறம் அந்த நாள் வந்தது. வழக்கம்போல் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். தியேட்டருக்குள் போன் கூடாது. இன்சார்ஜ் சிஸ்டரின் கண்டிப்பான உத்தரவு. அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மிலிட்டரி. லேசான ஆபரேஷன் என்று தொடங்கியது, இழுத்துக்கொண்டே போனது. அதெல்லாம் எங்களுக்குச் சகஜம்.

முடித்துவிட்டு வந்து லாக்கரைத் திறந்தேன். மகள் கூப்பிட்டிருந்தாள். ஒரு தடவை இல்லை, திரை முழுக்க அவள்தான்.

திருப்பிக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். எடுக்கவில்லை. இவரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அவர் எப்படி எடுப்பார்? கிரேன் ஏறுகிறவர்கள் காலையிலேயே போனை வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். இத்தனை வருஷமாக எனக்குத் தெரிந்த சங்கதி. அந்த லாக்கர் முன்னால் நின்றபோதுதான் உறைத்தது. தம்பியைக் கூப்பிட்டேன். "அக்கா, ரெண்டு லைன்லயும் பேசிட்டு இருந்தேன், அப்புறம்தான் பாத்தேன். 'என்ன குட்டி கூப்பிட்டியா'ன்னு மெசேஜ் போட்டேனே, பதிலே வரல," என்றான்.

புள்ளியைப் பார்த்தேன். வீட்டில்தான் இருந்தது. அசையவில்லை. அசையாமல் கிடக்கிற புள்ளியைப் பார்த்து எந்தத் தாய்க்கு நிம்மதி வரும்? உடைகூட மாற்றாமல், கிடைத்த வண்டியில் ஏறினேன். டிரைவர் ஏதோ கேட்டார். நான் என்ன சொன்னேன் என்று இன்றுவரை நினைவில்லை.

படியேறிச் சாவியைப் போட்டேன். உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம்.

"கதவத் திறடி!"

கதவுக்குப் பக்கத்திலிருந்து, "யாரு?" என்றாள்.

"அம்மாதான்டி!"

"நெஜமா அம்மாவா?"

"பின்ன வேற யாரு, திற!"

"அன்னிக்கு அப்பா எதை உடைச்சாரு?"

"டம்ளர்!" என்று கத்தினேன். தாழ்ப்பாள் விலகியது.

முழுசாக இருந்தாள். கையில் போன். சீருடைகூட மாற்றவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு அழுததில் என் மூச்சே திரும்பவில்லை. அவள்தான் என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். நல்ல கூத்து.

"யாரோ ஒரு ஆள் வந்தாரும்மா. மீட்டர் பாக்கணும், கதவத் தெறன்னு தட்டிட்டே இருந்தார். உங்களக் கூப்பிட்டேன். அப்பாவ, மாமாவ, எல்லாரையும் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரி நம்பருக்கும் அடிச்சேன். தியேட்டர்ல இருக்கறவங்களக் கூப்பிட முடியாதுன்னு வெச்சுட்டாங்க."

"அப்புறம்?"

"பாத்ரூம் குழாயத் தொறந்து விட்டேன். அப்பா குளிக்கிறாரு, வெயிட் பண்ணுங்கன்னு கத்தினேன். நடு நடுவுல, 'அப்பா சீக்கிரம் வாங்க'ன்னும் சொன்னேன். கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டார்."

"நான் கூப்பிட்டேனே, ஏன் எடுக்கல?"

"சத்தத்தக் கொறச்சு வெச்சுட்டேன். அவர் இன்னும் படியில நின்னுட்டு இருந்தா, நான் பேசுறதக் கேட்டு தனியா இருக்கேன்னு கண்டுபிடிச்சுடுவார்ல."

குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடுவதற்கு அவளுக்குப் பயம். நான் போய் மூடினேன். மாடித் தொட்டியின் அடியில் கொஞ்சம்தான் தண்ணீர் மிச்சம்.

மறுநாள் காலை அந்த ஆள் மறுபடி வந்தார். கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருந்த, நரைத்த, சாதுவான மனிதர். மின்சார மீட்டர் கணக்கெடுக்கத்தான் வந்திருக்கிறார். கதவைத் திறந்த என் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க ரொம்ப நேரம் குளிப்பீங்க போல சார்," என்றார். இவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றார்.

அன்று மாலை வக்கீல் சபையைக் கூட்டினாள். தம்பியும் குற்றவாளி முகத்தோடு வந்திருந்தான். நீல உறை போட்ட போனைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

"இது வேணாம். இதுக்குப் பதிலா ரெண்டு பட்டன் போன் வாங்குங்க."

"நான் அப்பவே சொன்னேன்," என்று இவர் நிமிர்ந்தார்.

"நீங்க ஒண்ணுதானே சொன்னீங்க? நான் ரெண்டு கேக்கறேன்."

"ரெண்டு எதுக்கு?" என்றேன்.

"ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு உங்க தியேட்டர் வாசல்ல இருக்கணும். யாராவது எடுக்கணும். நீங்க எடுக்க வேணாம். அப்பா மேல இருக்கும்போது எடுத்தா கீழ இருக்கிறவங்க தலைல இரும்பு விழும். மாமா லைன் எப்பவும் பிசி. எனக்கு யாராவது எடுத்தா போதும்மா."

கடையில் அட்டைப் பெட்டியின் முன்னால் நின்று அவள் கேட்டதும் இதைத்தானே. நாங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். எனக்கு என் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

கடைக்காரர் திருப்பி வாங்க மாட்டேன் என்றதால் அந்தப் போனைத் தம்பி எடுத்துக்கொண்டான். அதில் அவனுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. பட்டன் போன் இரண்டையும் அவன்தான் வாங்கி வந்தான். மிச்சம் இருந்தது மிலிட்டரியிடம் கேட்கிற வேலை. அது என் தலையில்.

அவர் மேசைமுன் நின்று பட்டன் போனை நீட்டினேன்.

"என்ன இது?"

"வாசல்ல வைக்கணும் சிஸ்டர். என் பொண்ணு கூப்பிட்டா யாராவது எடுக்கணும்."

"இன்னிக்கு உங்க பொண்ணு, நாளைக்கு எல்லார் வீட்டுப் புள்ளைங்களும். இது தியேட்டரா, டெலிபோன் ஆபீஸா?"

எனக்கும் கோபம் வரும். வந்தது. "வேணாம்னா விடுங்க, நான் வார்டுக்கு மாத்திக்கறேன்," என்றேன். நான் இல்லாவிட்டால் எத்தனை ஆபரேஷன் தள்ளிப்போகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வார்டுக்குப் போனால் இத்தனை வருஷம் கற்றுக்கொண்ட வேலை போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் அதை மனதாரத்தான் சொன்னேன். பிறகு குழாயைத் திறந்து விட்ட கதையைச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். மிலிட்டரி முன்னால் அழுதவர்கள் உண்டு. மரியாதை இழக்காமல் திரும்பியவர்கள் குறைவு.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் மேசையில வைங்க. நான்தான் எடுப்பேன், நான் இல்லன்னா என் இடத்துல இருக்கிறவங்க. வேற யாரும் தொடக் கூடாது. கதை பேசக் கூடாதுன்னு புள்ளைகிட்ட சொல்லி வைங்க."

மறுநாள் பிற்பகல் ஒரு வயிற்று ஆபரேஷன் பாதியில் இருந்தோம். கையுறை போட்ட கையில் நான் நூலோடு நின்றேன். கதவுக்கு வெளியே போன் அடித்தது. அந்தப் பட்டன் போனின் சத்தம் இருக்கிறதே, ஊரையே கூட்டிவிடும். டாக்டர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். உடனே சத்தம் நின்றது. எடுத்துவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் மிலிட்டரி முகமூடியைக் கட்டிக்கொண்டு கதவருகில் வந்து நின்றார்.

"சிஸ்டர், உங்க பொண்ணு வந்துட்டா. உள்தாழ்ப்பாள் போட்டுட்டா. எதுவும் வேணாமாம், உங்களக் கூப்பிட வேணாமாம், சொன்னா போதுமாம்." முகமூடியை இழுத்துச் சரிசெய்தார். "நான் யாரு, என்ன வேலை, எத்தனை மணி வரைக்கும் இருப்பேன்னு எல்லாம் கேட்டுட்டா. என்னை இதுவரைக்கும் எவரும் இப்படி விசாரிச்சது இல்ல."

டாக்டர் முகமூடிக்குள் சிரித்தது கேட்டது.

"நாளைக்கும் யாராவது எடுப்பாங்களான்னு கேட்டா. எடுப்பேன்னு சொல்லியிருக்கேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் கழுவிய கையை முகத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒரு சொட்டு விழுந்தாலும் தட்டிலிருக்கும் அத்தனையும் மாற்ற வேண்டும். தட்டைவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அசையாமல் நின்றேன். மிலிட்டரி வேகமாக வந்து, சுவரோர அலமாரியிலிருந்து ஒரு பஞ்சுத் துண்டை எடுத்து, என் இரண்டு கண்ணையும் ஒற்றி எடுத்தார்.

"வேலையப் பாருங்க," என்றார்.

டாக்டர் கையை நீட்டினார். நான் கத்தரியைக் கொடுத்தேன்.