கலவையின் பதம்

பெயரைக் கூப்பிடுவார்கள் என்று காலை ஒன்பது மணியிலிருந்து செவந்தி அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சாய்ந்தால் முதுகு வலித்தது. நிமிர்ந்தால் மூச்சு பாதியில் நின்றது. ஆஸ்பத்திரி வாசலை ஒட்டிப் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கலவை மெஷின் சுற்றும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "தண்ணி ஜாஸ்தி ஊத்துறானுவ" என்றாள்.

"ஒனக்கு மூச்சே வரல. இதுல மேஸ்திரி வேலையும் பாக்குறியாக்கும்?" என்றாள் பக்கத்திலிருந்த முத்தாள்.

இருவரும் பதினெட்டு வருஷமாக ஒன்றாகச் சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள். கலவை போடக் கொத்தனார்கள் செவந்தியைத்தான் கேட்பார்கள். கரண்டியில் அள்ளிச் சாய்த்துப் பார்த்து, ஒழுகாமல் நிற்கும் பதம் வந்தால்தான் சட்டியில் அள்ளவிடுவாள்.

சித்திரையில் அரிமளத்தில் சாரம் சரிந்து விழுந்ததில் அவள் முதுகெலும்பு நொறுங்கியது. ஊசி வழியாகச் சிமெண்ட் ஏற்றி எலும்பை நிறுத்திவிடலாம் என்று இந்த ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவள் சிரித்தாள். நம்ம சாமான்தானே என்று ஒரு தைரியம்.

ஆபரேஷன் அன்று அவளைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகை மட்டும் மரத்துப்போகச் செய்திருந்தார்கள். காது நன்றாகக் கேட்டது. சிமெண்டைக் குழைத்தபோது நகப்பாலிஷ் போல ஒரு நெடி வந்தது.

"இன்னும் கொஞ்சம் எறுகட்டும் சார்" என்றாள் நர்ஸ்.

"அடுத்த கேஸ் காத்திருக்கு. ஏத்திரலாம்" என்றார் டாக்டர்.

தண்ணிப் பதத்திலேயே விடுகிறார்கள் என்று செவந்திக்குத் தெரிந்தது. சொல்ல வாயெடுத்தாள். டாக்டருக்குப் போய்ச் சித்தாள் பதம் சொல்வதா என்று அடக்கிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள் கம்பி பாய்ந்தது போல இருந்தது.

பிறகு பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டினாள். நுரையீரல் ரத்தக்குழாய்களுக்குள் வெள்ளை வெள்ளையாக நூல்கள். முதுகில் வைத்த சிமெண்ட் கசிந்து, ரத்தத்தோடு ஓடிவந்து அங்கே இறுகியிருந்தது. "என்ன சிமெண்ட், எவ்வளவு ஏத்துனாங்கன்னு ஆபரேஷன் நோட் வாங்கிட்டு வாங்கம்மா. அதப் பாத்துத்தான் எடுக்கிறதா, மருந்துலயே விடுறதான்னு முடிவு பண்ணணும்."

அதற்காக இது நாலாவது நடை.

பதினொன்றரைக்கு மேனேஜர் வசந்தகுமார் கூப்பிட்டான். மேசையில் வடை தின்றுகொண்டிருந்தான். காலையில் அவள் கொடுத்திருந்த ஸ்கேன் உறையின் மேல்தான் வடைக் காகிதம் விரிந்திருந்தது. எண்ணெய் அவள் பெயருக்கு மேல் வட்டமாக ஊறியிருந்தது. விரலைத் துடைத்துக்கொண்டு ஒரு தாளை நகர்த்தினான்.

பதினெட்டு வருஷம் சிமெண்ட் தூசியில் வேலை செய்ததால் தனக்கு நுரையீரல் நோய் வந்திருப்பதாகவும், அதற்கு ஆஸ்பத்திரி பொறுப்பில்லை என்றும் அதில் எழுதியிருந்தது.

"இதுல கையெழுத்துப் போடுங்க. நோட்ட இப்பவே தந்துர்றேன்."

"தூசி என்ன, முதுகு வழியாவா உள்ள போச்சு?" என்றாள் முத்தாள்.

"நீங்க கொஞ்சம் அங்கிட்டு நில்லுங்கம்மா."

"எறுகுறதுக்கு முன்னாடியே ஏத்துனாங்க தம்பி" என்றாள் செவந்தி. "நர்சம்மாவே சொன்னாங்க. நான் கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன்."

"மயக்கத்துல ஆயிரம் கேக்கும்."

"மயக்கமே குடுக்கலியே."

அவன் பேனாவை நீட்டினான். அதிலும் எண்ணெய். இரண்டு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தாள். இரண்டு தடவையும் அதே இடத்தில் நின்றது. வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கொஞ்சமும் கோணாமல் வந்ததுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அவள் வைத்த பேனாவை அவன் டிஷ்யூ பேப்பரால் பிடித்து எடுத்தான்.

நோட்டை மார்போடு அணைத்தபடி நாலு படி இறங்குவதற்குள் தூணைப் பிடித்து நிற்கவேண்டியிருந்தது. சட்டி சுமந்து ஒரு பெண் குறுக்கே போனாள். கலவை விளிம்பு வழியாக ஒழுகி, வாசல் கிரானைட்டில் நூல் நூலாக விழுந்தது.

வசந்தகுமார் உள்ளேயிருந்து ஓடிவந்தான்.

"ஏய், தொடச்சிடு, தொடச்சிடு! எறுகிப்போச்சுன்னா அப்பறம் எதப் போட்டாலும் வராது. யாரு பதில் சொல்றது?"

அந்தப் பெண் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, மண்டியிட்டு, முந்தானையால் தரையைத் தேய்க்கத் தொடங்கினாள்.