வடக்கு முதல்

"புள்ளி கோட்டில இல்லை" என்றார் றிஸ்வி.

நான் அகப்பையை மேசையில் போட்டேன். "இருக்குதுங்க! எத்தனை தரம் சொல்றது?"

என் புருசன் றிஸ்விக்கு நாளைக்குப் பள்ளிக்கூடத்துச் சாதாரண தரக் கணிதப் பரீட்சை. வயது முப்பத்திரண்டு. சித்தியடைந்தால்தான் கிண்ணியா ஐஸ் தொழிற்சாலையில் வேலை. இல்லையென்றால் மறுபடியும் கடல். போன மாரியில் படகு கவிழ்ந்து உயிரோடு வந்த மனிதரைத் திரும்பவும் அனுப்ப எனக்கு ஏலாது. வீட்டில் கணிதம் சித்தியடைந்தவள் நான் ஒருத்திதான். அதனால் வாத்தியாரும் நான்தான்.

பெரிய கணக்குமில்லை. y = 2x + 1 என்ற கோட்டில் (3, 7) இருக்கிறதா? x க்கு மூன்றைப் போடு, இரண்டால் பெருக்கு, ஒன்றைக் கூட்டு. ஏழு வந்தால் இருக்கிறது. இவரோ ஒவ்வொரு முறையும் x க்கு ஏழைப் போட்டு, பதினைந்தை வரவழைத்து, "மூண்டும் பதினைஞ்சும் ஒண்டில்லையே" என்கிறார். எந்தப் புள்ளியைக் கொடுத்தாலும் இதே கூத்து. எனக்குத் தலை வெடித்தது.

"மண்டைக்குள்ள என்ன களிமண்ணா? முதல் எண்தான் x!"

"கத்தாத புள்ள. படகு ஜீபிஎஸ்ஸில வடக்குத்தான் முதல், பிறகுதான் கிழக்கு. வடக்கு மேல. வரைபில மேல போறது y தானே? கை தானா அங்க போகுது."

"இவ்வளவு நாளும் வாயில என்ன கொழுக்கட்டையா? அந்தப் பழக்கத்தைத் தூக்கிக் கடல்ல போடுங்க!"

அவர் பென்சிலை வைத்தார்.

"அண்டைக்குப் படகுக்குள்ள தண்ணி ஏறக்குள்ள, வயர்லெஸ்ஸில வடக்கு இவ்வளவு, கிழக்கு இவ்வளவு எண்டு கத்தினனான். அந்த இடத்துக்குத்தான் வந்து தூக்கினவங்கள். மாறிச் சொல்லியிருந்தா…"

யா அல்லாஹ், எதைத் தூக்கிக் கடலில் போடச் சொன்னேன்! கண்ணைத் துடைக்கக் குசினிக்குள் போய், தேத்தண்ணியோடு திரும்பி வந்தேன். கொப்பியில் x இன் மேல் கிழக்கு என்றும், y இன் மேல் வடக்கு என்றும் எழுதினேன்.

"கடல்ல வடக்கு முதலாவே இருக்கட்டும். அதை மாத்தாதீங்க. கடுதாசியில மட்டும் கிழக்கு முதல். எங்க, திரும்பப் போடுங்க."

மூன்றைப் போட்டார். ஏழு வந்தது. நம்பாமல் இன்னொரு முறை கூட்டிப் பார்த்தார்.

"இருக்குது புள்ள. கோட்டிலதான் இருக்குது."

"ஓம்" என்றேன். "நீங்களும் கரையிலயே இருங்க."