வெஸ்லியின் சிவப்புச் சட்டை

1

இந்தக் கதை எனக்கு ஒரு சண்டையிலிருந்து கிடைத்தது. வியாழக்கிழமை மாலை, கதை எழுதும் வகுப்புக்குப் போகும் முன் நாட்குறிப்பில் ஒரே வரி எழுதினேன்: 'டெல்மா சட்டையைத் துவைக்க மறுக்கிறாள்.'

2

முதல் தொடக்கம்: மலை ஒருமுறை உறுமியது, பிறகு

(வேண்டாம். நான் சுரங்கத்துக்குள் இறங்கியதே இல்லை.)

இரண்டாவது: லாரல் ஃபோர்க் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து எட்டு மாதமாகிறது. மாண்ட பதினாறு பேருக்கும் ஆளுக்கொரு சதுரம். அவரவர் துணியில் வீட்டார் தைத்துத் தர, தேவாலயக் கூடத்தில் ஒரே போர்வையாக இணைக்கிறோம். ஊரில் ஊசி பிடிக்காத கையில்லை. இரும்புக்கடைக்காரர்கூட ஓரம் தைத்தார், கோணலாக. (இது நிற்கட்டும். பெருமையாக இருக்கிறது.)

3

பதினைந்து சதுரங்களைத் தரையில் பரப்பியிருந்தோம். கடைசியாக டெல்மா வந்தாள், மகன் வெஸ்லியின் சட்டையில் வெட்டிய சதுரத்தோடு. பளிச்சென்ற சிவப்பு. ஓரத்தில் கரி.

எங்களை மேய்க்கிற வெர்னா அதை முகர்ந்து பார்த்தாள். "ஏண்டி, துவைக்கலையா?"

"மாட்டேன்."

"கடைசியில தையலுக்குப் போட்ட சாக்பீஸ் கோடு போக மொத்தத்தையும் நனைப்போமே. சாயம் ஓடிச்சுன்னா பக்கத்துல இருக்கிறதெல்லாம் நாசம்டி!"

"அவனைத் தனியா ஒரு வாளியில முக்க என்னால முடியாது. நனையறதுன்னா எல்லாரோடயும் சேந்து நனையட்டும். இல்லேன்னா குடு, எடுத்துட்டுப் போயிடறேன்."

(வெர்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள் என்று எழுதியிருந்தேன். அவள் கண்ணாடி போடுவதில்லை. அடித்துவிட்டேன்.)

4

ஓபல் மண்டியிட்டாள். தன் கணவனின் வெளிர்நீலச் சதுரத்தை இழுத்துச் சிவப்போடு ஒட்டிவைத்தாள். "எங்க ஹோமர் மேல இவன் எத்தனை தடவை காபியைக் கொட்டியிருக்கான்! இதுவா பெருசு? ஓடட்டும்."

"உன் ஆளு வழியில காலை நீட்டினா?" என்று டெல்மா அழுகையோடு சிரித்தாள்.

அதற்குள் மறுபக்கத்தை இன்னொருத்தி பிடித்துவிட்டாள். மூன்றாவதற்கு வெர்னாவே தன் தம்பியின் சதுரத்தோடு முட்டிக்கொண்டு வந்தாள். "தள்ளுங்கடி, இது என் இடம்!"

5

ஒன்றை மறைத்துவிட்டேன். அந்தப் பதினைந்தில் ஒன்று என் அப்பாவுடையது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை. ஒரு கறைகூடப் படாமல் மூன்று வாரம் தைத்தேன்.

சிவப்புக்கு நான்காவது பக்கம் காலி. டெல்மா என்னைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றே.

முடிவு அ: அழகாக இருந்தது, கிழித்தேன். முடிவு ஆ: அதில் நான் மிகவும் நல்லவளாக

முடிவை உங்களிடமே விடுகிறேன். வெள்ளையை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். ஆனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நான் எழுந்துவிட்டேன் என்பதை மட்டும் மாற்றாதீர்கள்.