ஜீப்புக்கும் துடக்கு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஒரு கராஜில் என் முறைக்குக் காத்திருந்தேன். பக்கத்து ஜீப்பின் முன்சில்லைக் கழற்றிய கராஜ்காரர், அதை ஓட்டிவந்த பெண்ணிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கூட வந்த கணவனிடம்தான் கேட்டார்: "அண்ணை, உதை அக்காவே ஓடுறவ?" அவர் ஓம் என்றார். இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் செமிக்கவில்லை. இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "மீனாம்பிகைக்குப் பிறேக்கை மிதித்தபடியே ஓடும் பழக்கம்…"

நிறுத்திவிட்டேன். ஒரு வரி முடியவில்லை, அதற்குள் நானும் பழியை அவள் தலையில் போட்டுவிட்டேன். அவளுக்கு அந்தப் பழக்கம் இருப்பதாக எனக்கு யார் சொன்னது?

இரண்டாவது தொடக்கம்: கோப்பாயில் இருக்கும் மீனாம்பிகையின் மகள் தனுசியாவுக்குப் பன்னிரண்டு வயது. நடக்க முடியாது. கிழமைக்கு இரண்டு நாள் கால்பயிற்சிக்கு யாழ்ப்பாணம் கொண்டுபோக வேண்டும். சக்கரநாற்காலி ஓட்டோவில் ஏறாது என்றுதான் ஜீப் வாங்கினார்கள். மீனாம்பிகைதான் ஓடுவாள். சில மாதத்தில், பிறேக் பிடித்தால் ஸ்ரேறிங் உதறத் தொடங்கியது. மருதனார்மடத்துக் கராஜ்காரர் கிறிஸ்ரோபர் முன்சில்லில் பிறேக் பிடிக்கும் இரும்புத் தட்டை, அந்த டிஸ்க்கை, லேத்தில் கடைந்து கொடுத்தார். திரும்பவும் உதறியது. புதுசு போட்டார். அதுவும் நெளிந்து தேய்ந்து போனது. ஒன்றரை வருஷத்தில் மூன்று சோடி. மூன்றாவது சோடி போட்ட அன்று கணவர் நடராசா ஜீப் திறப்பைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நீர் பிறேக்கிலை காலை வைச்சபடி ஓடுறீர். கிறிஸ்ரோபரும் அதைத்தான் சொல்லுறான். இனி நான் ஓடுறன்."

3

நடராசா கெட்டவரல்ல. (இந்த வரியை மூன்று தரம் வெட்டினேன். கடைசியில் விட்டுவைத்திருக்கிறேன். உண்மை அதுதான், என் எரிச்சலும் அதனால்தான்.) அவர் ஒரு செத்தவீட்டையும் விடமாட்டார். சாவகச்சேரி, பருத்தித்துறை, அரியாலை, எங்கே ஆர் செத்தாலும் ஜீப்பில் போய் நிற்பார். அதனால் மகளின் பயிற்சி நாளில் வீட்டில் நிற்கமாட்டார். ஒரே மாதத்தில் ஐந்து நாள் தவறியது. இப்படி விட்டால் பிள்ளையின் முழங்கால் இறுகிப்போகும், பிறகு நீட்டவே முடியாது என்று பயிற்சி கொடுப்பவள் சொல்லிவிட்டாள்.

அந்த மாதம் அவர் மட்டுந்தான் ஓடினார். ஜீப் மறுபடியும் உதறியது. அதற்கும் அவளே குற்றவாளி: முந்தி ஓடிப் பழுதாக்கியவள்.

மீனாம்பிகை விம்மி விம்மி… (இல்லை. அவள் அழவில்லை.) அலுமாரியைத் திறந்து இரண்டு கடதாசிக் கட்டுகளை எடுத்தாள். ஒன்று கராஜ் பில் துண்டுகள். மற்றது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிகளில் நடராசா வாங்கிவந்த கல்வெட்டுகள், செத்தவரின் படமும் திகதியும் போட்ட சிறு புத்தகங்கள். மேசையில் பரப்பித் திகதி பார்த்தாள். கராஜுக்குப் போன ஒவ்வொரு தரத்துக்கும் முந்திய கிழமையில் ஒரு தூரத்துச் செத்தவீடு இருந்தது.

அன்று பின்னேரம் நடராசா பருத்தித்துறைச் செத்தவீட்டால் வந்தார். செத்தவீட்டுத் தீட்டு, துடக்கு, கழிய வீட்டுக்குள் ஏறமுன் கிணற்றடியில் தோய வேண்டும். அது எல்லா வீட்டு வழக்கம். ஜீப்பும் செத்தவீட்டுக்குப் போய் வந்ததுதானே, அதற்கும் துடக்குத்தான் என்பது நடராசா சேர்த்தது. நிறுத்திய கையோடு கிணற்றுத் தண்ணீரை வாளியாலே முன்சில்லில் அடித்தார். உஸ் என்று ஆவி எழும்பியது. துவாயோடு நின்று அந்த ஆவியை அவள் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். இன்றைக்குத்தான் அதைக் கண்டாள்.

"இஞ்சாருங்கோ, கொதிக்கிற தட்டிலை பச்சைத்தண்ணி ஊத்தினால் அது நெளியாமல் என்ன செய்யும்? ஆறவிட்டுக் கழுவுங்கோ. துடக்கு அரை மணித்தியாலம் பொறுக்கும்."

"மழைக்குள்ளை ஓடுறேல்லையே? உமக்கு உதுகள் விளங்காது."

4

முடிவு ஒன்று: கிறிஸ்ரோபர் தற்செயலாக வருகிறார், ஆவியைக் காண்கிறார், "அண்ணை, தண்ணிதான்" என்கிறார். நடராசா அந்த இடத்திலேயே நம்புகிறார். எழுதச் சுகமானது. எழுதமாட்டேன். அவள் சொன்னது இன்னொரு ஆம்பிளையின் வாயால் வந்தால்தான் உண்மையாகும் என்றால் இந்தக் கதையே வேண்டாம்.

முடிவு இரண்டு: தனுசியாவின் முழங்கால்… வேண்டாம். தகப்பனுக்குப் பாடம் புகட்ட அந்தப் பிள்ளையைப் பலி கொடுக்க மாட்டேன்.

5

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் சொன்னதை எழுதிய பிறகு, ஒரு கராஜுக்குப் போன் எடுத்து, தண்ணீரால் அப்படி ஆகுமா என்று கேட்டேன். நான் படைத்த பெண். அவளை நம்ப எனக்கே ஒருவரின் அத்தாட்சி தேவைப்பட்டது. வெட்கக்கேடு. வந்த பதிலை இங்கே எழுதப்போவதில்லை.

நடராசா இப்போது இரண்டாவது வாளியைத் தூக்கியபடி நிற்கிறார். மீனாம்பிகை சில்லுக்கு முன்னால் வந்து மறித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுடைய பக்கத்தில் நிற்க உங்களை விட்டால் வேறு ஆருமில்லை. நீங்கள் அவளை நம்பிவிட்டீர்களா, அல்லது கராஜ்காரர் என்ன சொன்னார் என்றுதான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?