பன்னிரண்டு நிமிடம்

விசாரணைக்கு வந்த பொறியாளர் தன் கைக்கடிகாரத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டிலும் பதினொன்று இருபத்தைந்து.

"பன்னெண்டு நிமிஷம் ஃபாஸ்ட்டுன்னு சொன்னியேப்பா. எங்க?"

முத்துக்குமார் சுவரருகே போய்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார். காஞ்சிபுரத்தை ஒட்டிய எங்கள் துணைமின் நிலையத்தின் ஆபரேட்டர் அவர். நான் பேனல்களுக்குப் பின்னால், ஒயர்களுக்கு நடுவே நின்றிருந்தேன். பி.எஸ்ஸி. இயற்பியல், ஒப்பந்த வேலை, வந்து ஐந்து நாள்தான் ஆகிறது.

திங்கட்கிழமை கம்யூனிகேஷன் ப்ராசஸரைப் பொருத்தியது நான். ஒன்பது லைனுக்கு ஒன்பது ரிலே. கோளாறு வந்தால் லைனைத் துண்டிப்பது அவற்றின் வேலை. அதுவரை ஒவ்வொன்றும் தனக்கு நடந்ததைத் தனக்குள்ளேயே குறித்து வைத்திருந்தது, யாரும் எடுத்துப் படித்ததில்லை. புதிய பெட்டி எல்லாவற்றையும் திரட்டிக் கோட்ட அலுவலகத்துக்கு அனுப்பும். ஒன்பதுக்கும் செயற்கைக்கோளின் சரியான நேரத்தையும் கொடுக்கும்.

அதற்குமுன் ரிலேக்களில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கையால்தான் நேரம் வைத்திருந்தார்கள். அது பன்னிரண்டு நிமிடம் முந்தி ஓடியது. ஃபோர்மேன் கோதண்டபாணி ஆறு மணி தென்னேரி பஸ்ஸைத் தவறவிடாமல் இருக்க என்றோ திருப்பி வைத்தது. உள்ளே வந்தால் செல்போனை மேசை டிராயரில் போட்டுவிட வேண்டும். அந்த அறையில் கடிகாரம் காட்டுவதுதான் மணி.

செவ்வாய்க்கிழமை லைன்மேன் சின்னப்பையன் வாசலுக்கு எதிர்க் கம்பத்தில் ஏறினார். லைனை நிறுத்தி அவரிடம் ஒரு அட்டை கொடுப்பார்கள். அவர் இறங்கி அதைத் திருப்பித் தந்த பிறகே கரண்ட் விட வேண்டும். அட்டை வந்தது 3.20, கரண்ட் விட்டது 3.22 என்று முத்துக்குமார் பதிவேட்டில் எழுதினார். என் பெட்டி அனுப்பிய ரிலே கணக்கில் கரண்ட் விட்டது 3.10. சேர்த்துப் படித்தால், கம்பத்தில் ஆள் இருக்கும்போதே கரண்ட் விட்டவர் முத்துக்குமார்.

புதன்கிழமை மதியம், அறையில் யாரும் இல்லாதபோது, ஸ்டூல் போட்டு ஏறிக் கடிகாரத்தைச் சரியாக வைத்தேன். தப்பான நேரம் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. யாரையும் கேட்கவில்லை. கேட்பதைவிட ஏறுவது எனக்குச் சுலபம்.

மறுநாள் கோதண்டபாணி, "இந்த பஸ்ஸுக்காரனுக்கு இன்னா வந்துச்சோ, சீக்கிரமே பூடறாம்மா" என்று அலுத்துக்கொண்டார். நான் தலையாட்டினேன். அதற்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, இந்த விசாரணை.

"சார், நான் எறங்கி, கார்ட கையில குடுத்து, தண்ணி குடிச்சிக்கினு இருந்தப்பதான் சார் ஆன் பண்ணாரு" என்றார் சின்னப்பையன்.

"நீங்கல்லாம் ஒரே செட்டு" என்றார் பொறியாளர்.

"செத்துருந்தா நம்புவீங்களா சார்?"

பொறியாளர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். சஸ்பென்ஷன் என்ற சொல்லை மெதுவாகத்தான் சொன்னார். முத்துக்குமார் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பையில் திங்கட்கிழமைத் தாள் இருந்தது. ஒன்பது ரிலேக்களின் பழைய நேரம், புதிய நேரம், வித்தியாசம். ஒன்பது வரியிலும் பன்னிரண்டு. பேனல்களுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து அதைப் பொறியாளரிடம் நீட்டினேன்.

"சார், கடிகாரத்த நான்தான் திருப்பினேன். புதன்கிழமை."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லல சார்."

கோதண்டபாணி என் பக்கம் திரும்பினார். "அடிப்பாவி, என் பஸ்ஸு..." என்று தொடங்கி, முத்துக்குமாரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பொறியாளர் ஒன்பது வரியையும் விரல் வைத்துப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். "அனுமதி இல்லாம தொட்டிருக்க. உன் வேலைக்கும் கேள்வி வரும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"எழுதிக் குடு."

எழுதினேன். நான்கு வரிதான் வந்தது. கையெழுத்திட்டேன். கீழே தேதியும் நேரமும் போடச் சொன்னார். தேதியை எழுதிவிட்டுப் பேனாவோடு நிமிர்ந்தேன். என்னோடு சேர்ந்து எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள்.