நோன்பு திறந்த கார்

ஆதம்பாவாவுக்குச் சொந்தமென்று இருந்தது ஒரு கார்தான். வீடு பெண்சாதி நஸ்லியாவுடையது, வளவு நஸ்லியாவுடையது, வளவில் நின்ற மாமரம்கூட நஸ்லியாவுடையது. கிழக்கிலங்கையில் மருதமுனைப் பக்கம் இதை யாரும் குறையாகச் சொல்லமாட்டார்கள். அங்கே ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போய்விடுவான், அதுதான் வழமை. பெட்டியோடு ஒரு காரையும் இழுத்துக்கொண்டு போனால்தான் நாலு பேர் கதைப்பார்கள். ஆதம்பாவா அப்படித்தான் போனான். ஓடாத காரை, சம்மாந்துறையிலிருந்து வந்த ஒரு உழவு இயந்திரம் கயிறு கட்டி இழுத்துவந்து, மாப்பிள்ளை வந்த மறுநாள் மாமரத்துக்குக் கீழே விட்டுவிட்டுப் போனது. மாமனார் ஷரிபுதீன் ஹாஜியார் பக்கத்து வீட்டு வாசலில் நின்று பார்த்தார். சீதனம் கொடுத்ததும் நான், வாங்கியதும் நானா என்று அவருக்கு அன்றைக்கே ஒரு யோசனை வந்ததாம்.

அந்தக் கார் ஆதம்பாவாவின் காக்கா, கூடப்பிறந்த மூத்தவர், ஜவுபருடையது. யுத்த நிறுத்தக் காலத்தில் கொழும்பு வழி திறந்திருந்தபோது வாங்கிவந்தார். சிவப்பு நிறம், பழைய ஜப்பான் கார், டர்போ பூட்டியது. டர்போ என்றால் பெரிய மாயமொன்றும் இல்லை, வெளியே போகிற புகையின் வேகத்தில் சுற்றி, மெஷினுக்குள் காற்றை அமுக்கி அடைக்கிற ஒரு சின்னக் காற்றாடி. நன்றாக மிதித்தால் அது விசிலடிக்கும். ஜவுபர் அந்த விசிலைக் கேட்பதற்காகவே கல்முனைக்கும் காரைதீவுக்கும் இடையில் ஒரு வேலையுமில்லாமல் ஓடித்திரிந்த மனிதர்.

பிறகு கடல் வந்தது. கடற்கரைத் தெருவில் இருந்த வீடு போனது, காக்காவும் போனார். காக்கா கிடைக்கவில்லை. கார் கிடைத்தது, மேற்கே வயலோரத்தில், யாருடையதோ ஒரு மதிலின் மேல் முன் சில்லுகள் இரண்டையும் ஏற்றிவைத்தபடி. போய் நின்று ஸலாம் சொல்ல ஆதம்பாவாவுக்குக் காக்காவை அடக்கிய ஒரு கபுறு இல்லை, அந்தக் கார்தான் இருந்தது. இதை அவன் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே நஸ்லியாவுக்குத் தெரியும். ஹாஜியாருக்குத் தெரியாது.

ஆதம்பாவா தண்ணீர்ப் பம்பு மோட்டர்களுக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கிறவன். மோட்டர் கட்டத் தெரிந்தவனுக்குக் காரும் கட்டத் தெரியும் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை, அவனாகவே முடிவு பண்ணிக்கொண்டான். மண்ணைக் கழுவி, துருவைச் சுரண்டி, ஒரு வழியாக மெஷினை உறுமவைத்தும் விட்டான். நின்ற இடத்தில் நல்ல பிள்ளையாக ஓடும். ரோட்டில் மிதித்தால்தான் வினை. டர்போ காற்றை அடைக்க அடைக்க, உப்புத் தின்ற பழைய கொயிலில் இருந்து வருகிற நெருப்புப் பொறி அந்தக் காற்றிலேயே அணைந்துவிடும். எரியாத பெற்றோல் அப்படியே சைலன்சருக்குள் போய், அங்கே எரியும். டுமீல்.

இந்த டுமீலை வேறு நாட்டில் கேட்டால் சிரிப்பார்கள். இவன் கேட்கவைத்தது சண்டை நடந்த காலத்தில், கல்முனைச் சந்திச் சோதனைச் சாவடிக்கு முன்னால். காவலுக்கு நின்றவர்கள் எல்லாரும் நிலத்தில் குப்புற விழுந்து துவக்கை நீட்டினார்கள். ஆதம்பாவா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இறங்கி, சைலன்சரைக் காட்டிக் காட்டி அழாத குறையாக விளக்கினான். அல்லாஹ் காப்பாற்றினான். அன்றைக்கு மாமரத்தடிக்குப் போன கார் பிறகு வெளியே வரவில்லை.

வைகாசியில் சண்டை முடிந்தது. ரோடு திறந்தது, இடுப்பில் கட்டுகிற மருதமுனைக் கைத்தறிச் சாரத்துக்குக் கொழும்பிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஹாஜியாருக்குத் தறிகள் இருந்தன, இன்னும் சில தறி போட ஆசையும் இருந்தது, கொட்டில் கட்டத்தான் தோதான இடமில்லை, கிணற்றடி இருட்டென்பார். மாமரத்தடியைப் பார்த்தார். அங்கே சிவப்பாக ஒன்று நின்றது.

"நோம்பு பிறக்கிறதுக்குள்ள இது ரோட்டில ஓடல்லயெண்டா, பழைய இரும்புக்காரனக் கூப்பிடுவன், மருமகன். பிறகு என்னக் குறை சொல்லக்கூடா" என்றார்.

ஆதம்பாவா "சரி மாமா" என்றான். மாமனாருக்கு வேறு பதில் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பழையபடி ஒரே கொயிலை நம்பினால் காரியம் ஆகாது, பிளக் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கொயில் போட்டால்தான் பொறி அந்தக் காற்றைத் தாங்கி நிற்கும் என்று விசாரித்து அறிந்தான். கொழும்பிலிருந்து நாலு கொயில் வரவழைத்தான். பிளக்கின் வாயை இன்னும் நெருக்கினான், இடைவெளி குறைந்தால் பொறி இலேசில் அணையாது. கடைசி வேலை, நாலு கொயிலுக்கும் போகிற வயர்களைச் சரியான ஒழுங்கில் கொழுவுவது. எந்தப் பிளக் முதலில் பொறிக்க வேண்டும், எது அடுத்தது என்று மெஷினுக்கு ஒரு வரிசை இருக்கிறது. அது பிசகினால் மெஷின் ஓடாது, வெடிக்கும். வயர்கள் எல்லாம் கறுப்பு, ஆகவே அடையாளத்துக்கு ஒவ்வொன்றிலும் ஒரு நூல் கட்டினான். நெசவுக்காரர் வீட்டில் நூலுக்கா பஞ்சம்? நஸ்லியா கழித்துப்போட்ட நூலில் மஞ்சளும் நீலமும் சிவப்பும் மெரூனும் எடுத்தான். மாமனாரின் தறியில் அப்போது சிவப்பும் மெரூனும் சேர்ந்த சாரம்தான் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் அந்த இரண்டு நிறமும் கைக்கு இலேசாக வந்தன. இரண்டிலும் எண்ணெய் பட்டால் ஒரே நிறமாகிவிடும் என்பது எண்ணெய் பட்ட பிறகுதான் தெரியவரும்.

வேலை முடியாமலே நோன்பு பிறந்துவிட்டது. முதல் நோன்பன்று பின்னேரம், இரும்புக்காரன் நாளைக்கு வருவான் என்ற செய்தி வேலியில்லாத வளவுக்குள்ளால் வந்து சேர்ந்தது. ஆதம்பாவா நாக்கு வறண்டுபோய், பொனட்டுக்குள் தலையை விட்டபடி நின்றான்.

அந்த வருசம் ஊருக்கும் ஒரு பெரிய காரியம் இருந்தது. சண்டைக்கு முந்திய காலத்தில் நோன்பு திறக்கிற நேரத்துக்குப் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு வெடி போடுவார்கள். நிலத்தில் புதைத்த இரும்புக் குழாயில் வெடிமருந்து கிட்டித்து, பாங்கு சொல்கிற மோதினார் திரி வைப்பார். ஊர் முழுக்க அந்தச் சத்தத்துக்குத்தான் ஈச்சம்பழத்தை வாயில் வைக்கும். சண்டை வந்ததும் வெடிக்குத் தடை வந்தது. இப்போது இராணுவ முகாமில் கேட்டு, அனுமதி வாங்கி, இந்த நோன்பிலிருந்து வெடி திரும்ப வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லியாகிவிட்டது. அனுமதி வாங்கி, மருந்து எடுத்து, எல்லாவற்றையும் பொறுப்பாக நின்று செய்தவர் ஷரிபுதீன் ஹாஜியார். அவர் தன்னுடைய குடிக்கு, அதாவது தாய்வழிக் குடும்பக் கூட்டத்துக்கு, தலைவரான மரைக்கார், பள்ளி நிர்வாகத்தில் அவருக்கு ஒரு கதிரை உண்டு. வெடிச்சத்தம் எவ்வளவு தூரம் கேட்கிறது என்று பார்ப்பதற்காக அன்றைக்கு அவர் பள்ளிக்குப் போகாமல் வீட்டு வாசலில் கதிரை போட்டு, கையில் ஈச்சம்பழத்தோடு உட்கார்ந்திருந்தார்.

ஆதம்பாவா கடைசி வயரைக் கொழுவினான். நோன்பு திறக்கிற மஃரிபுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஒரு தடவை, ஒரேயொரு தடவை திருகிப் பார்ப்போம் என்று காருக்குள் ஏறி, பிஸ்மி சொல்லி, மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினான்.

அப்படியொரு வெடியை அந்த வளவு அதற்கு முன் கண்டதில்லை. மாமரத்திலிருந்து காகம் அத்தனையும் எழும்பின.

"மாஷா அல்லாஹ், நல்ல வெடி" என்றார் ஹாஜியார். ஈச்சம்பழத்தை வாயில் போட்டார். அந்தத் தெரு முழுக்க, அடுத்த தெரு முழுக்க, கஞ்சிக் கோப்பைகள் எழும்பின. பழத்தைப் பாதி மென்ற பிறகுதான் ஹாஜியார் மாமரத்தடியில் புகை எழும்புவதைக் கண்டார். அதே நேரம் பள்ளி ஒலிபெருக்கியில் மோதினார் ஹமீட் மூச்சிரைக்கக் கத்தினார். அது நம்முடைய வெடியில்லை, யாரும் நோன்பு திறக்க வேண்டாம், திறந்தவர்கள் துப்பிவிடுங்கள் என்றார். துப்பக்கூடியவர்கள் துப்பினார்கள். ஹாஜியார் விழுங்கிவிட்டிருந்தார்.

சரியான நேரம் வந்ததும் மோதினார் திரியைப் பற்றவைத்தார். மருந்து ஈரமாகியிருந்தது. புஸ் என்று ஒரு புகை, அவ்வளவுதான். ஹாஜியாரின் வெடி ஊமையாகிவிட்டது, மருமகனின் கார் ஊரின் முதல் நோன்பைக் களாவாக்கிவிட்டது. பெருநாள் கழித்து, விழுங்கிய அத்தனை பேரும் ஒரு நோன்பு பிடித்து ஈடுசெய்ய வேண்டும் என்று மௌலவி தீர்ப்புச் சொன்னார். 

விடிந்ததும் ஆதம்பாவா நூல்களைக் கழுவிப் பார்த்தான். சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் மெரூன் இருந்தது. மாற்றிக் கொழுவினான். சாவியைத் தொட்டதும் கார் ஒரு இருமல்கூட இல்லாமல் ஓடியது. அவனுக்குக் கண் கலங்கியது. விசில் ரோட்டில் மிதித்தால்தான் வரும். ரோட்டுக்கு எடுப்போம் என்று திரும்பினால் வாசலில் முகாம் ஜீப் நின்றது.

நேற்று வெடித்தது என்ன என்று அதிகாரி கேட்டார். கார் என்றார்கள். அவர் நம்பவில்லை. வயர்களை மறுபடி பிழையாகக் கொழுவி, வெடித்துக் காட்ட வேண்டியதாயிற்று. அதிகாரி காதைத் தேய்த்துக்கொண்டார். பள்ளி வெடிக்கு ஈரமில்லாத புது மருந்து எடுப்பதென்றால் இனிக் கொழும்புக்கு எழுதித்தான் அனுமதி வாங்க வேண்டும், அது வந்து சேரப் பெருநாள் போய்விடும் என்றார். கார் வெடிப்பதற்கு அனுமதி வேண்டும் என்று தனக்குத் தெரிந்து ஒரு சட்டமும் இல்லை என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

இந்தக் கடைசி வசனம் பகல் தொழுகைக்குள் பள்ளி நிர்வாகத்துக்குப் போய்விட்டது. தொழுகை முடிந்து ஹாஜியார் மாமரத்தடிக்கு வந்தார். தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.

"மருமகன், அந்த வயர் ரெண்டும் பிழையாவே கிடக்கட்டுமே. நோம்பு முடியுமட்டும்."

"மெஷினுக்குக் கூடா, மாமா."

"ஒரு நாளைக்கு ஒரு வெடிதானே."

ஆதம்பாவா கையிலிருந்த எண்ணெயைத் துடைத்தான். பிறகு கலியாணம் முடித்த நாளிலிருந்து முதல் தடவையாக மாமனாரிடம் ஒரு கேள்வி கேட்டான்.

"இரும்புக்காரன்?"

"அவனப் பெருநாள் கழிச்சு வரச் சொல்லுறன்" என்றார் ஹாஜியார். அவரும் வியாபாரிதானே.

அந்த நோன்பு முழுவதும் மருதமுனையின் அந்தப் பக்கம் ஒரு காரின் சத்தத்துக்கு நோன்பு திறந்தது. ஹாஜியார் கையில் மணிக்கூட்டோடு பக்கத்தில் நிற்பார், விரலைத் தூக்குவார். ஆதம்பாவா சாவியைத் திருப்புவான். ஊர் பிஸ்மி சொல்லும். ஊருக்குச் சந்தோசம், அவனுக்கு இல்லை. இவ்வளவு பாடுபட்டுச் சுகப்படுத்திய ஒரு ஆளை, ஒவ்வொரு அந்தியிலும் தானே கன்னத்தில் அறைகிறோம் என்று நஸ்லியாவிடம் சொல்லிக் கவலைப்பட்டான். "காக்கா கோபிக்கமாட்டார், அவருக்கும் சத்தமெண்டா விருப்பம்தானே" என்று அவள் சொன்னாள். அதில் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

பெருநாள் காலை தொழுகை முடிந்து வந்து, புதுச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வயர்களைச் சரியாக மாற்றினான். இந்தத் தடவை நஸ்லியா வெள்ளை நூலும் பச்சை நூலும் கொடுத்தாள். பொனட்டை மூடித் திரும்பினால், பின் இருக்கையில் ஹாஜியார் ஏறி உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. மையவாடிக்குப் போக வேண்டும் என்றார். பெருநாளன்று ஊரே கபுறடிக்குப் போகும். அவருடைய பெண்சாதி அங்கே அடக்கம். இரும்புக்காரன் நாளைக்கு வருவான் என்பதையும், காரில் ஏறியவர் மறக்காமல் சொன்னார்.

சந்திச் சாவடியில் நின்றவர்கள் காரைக் கண்டதும் சிரித்துக்கொண்டு காதைப் பொத்தினார்கள். வெடிக்கவில்லை. சாவடி தாண்டி, வெறும் ரோட்டில் ஆதம்பாவா மெல்ல மெல்ல மிதித்தான். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, எங்கோ தூரத்தில் யாரோ கூப்பிடுவதுபோல மெலிசாகத் தொடங்கி, விசில் வந்தது. ஏறிக்கொண்டே போனது. ஆதம்பாவாவுக்கு ரோடு தெரியவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதான்.

"என்ன, பழுதாப் போச்சா?" என்று ஹாஜியார் கேட்டார்.

"இல்ல மாமா. காக்காட சத்தம்."

 ஹாஜியார் மையவாடியில் இறங்கி உள்ளே போனார். ஆதம்பாவா ஒவ்வொரு பெருநாளும் செய்வதுபோல வெளியிலேயே நின்றான். உள்ளே அவனுக்கு ஆளில்லை. ஹாஜியார் பெண்சாதியின் கபுறடியில் ஓதிவிட்டுத் திரும்பி வந்தார். வந்தவர் காருக்குள் ஏறவில்லை. முன்பக்கமாகப் போய்ப் பொனட்டில் கையை வைத்தார், சுட்டது, எடுத்துக்கொண்டார். பிறகு அந்தச் சிவப்புக் காருக்கு முன்னால் நேராக நின்று, இரண்டு கையையும் ஏந்தி, ஜவுபரின் பெயரைச் சொல்லி, கபுறடியில் ஓதுகிற யாசீனை ஓதத் தொடங்கினார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஆதம்பாவா ஓடிவந்து அவருக்குப் பக்கத்தில் கையேந்தி நின்றான்.

ஓதி முடித்து முகத்தைத் தடவிவிட்டு ஹாஜியார் பின் இருக்கையில் ஏறினார்.  மாமரத்தடியில் கார் நின்றதும் கதவைத் திறந்தபடி சொன்னார்.

"தறிக்கொட்டிலக் கிணத்தடிப் பக்கம் போடுவம், மருமகன். அங்கதான் வெளிச்சம் நல்லம்."