ஆறடிக் குவியல்

யோதாம் செத்த அன்று காலையிலும் திர்சாள் சாணம்தான் சுமந்துகொண்டிருந்தாள். தொழுவத்தை ஒட்டியே கொட்டியிருக்கலாம். ஆனால் இலையுதிர்காலத்தில் தனக்கு நெஞ்சுநோவு கண்டதிலிருந்து, நூறு தப்படி தள்ளி வேலியோரம் ஆப்பிள் மரத்தடியில் கொட்டச் சொல்லியிருந்தான் அவள் புருஷன். அதுவும் வட்டமாக இல்லை, நீளமாக. நடக்க முடிந்தவரை அவனே வந்து அடிவைத்து அளந்துவிட்டுப் போனான். ஏன் என்று கேட்டால், "மரத்துக்கு உரம்" என்பான். உறைபனியில் எந்த மரம் உரம் தின்கிறது?

அவள் உள்ளே வந்ததும் கண் திறந்தான்.

"இன்னிக்குப் போட்டியா?"

"போட்டேங்க. தோள்பட்டை கழண்டு போச்சு."

"நீளம் கொறையலையே?"

"கொறஞ்சா உங்க மரம் வந்து சண்டை போடுமாக்கும்."

சிரிக்கப் பார்த்தான்; இருமலாக முடிந்தது. சோளக்கஞ்சி ஆறுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

மதியம் சபைக் காரியம் பார்க்கிற டீக்கன் எலியாப் வந்து வாசலிலேயே நின்றார். பிஷப்பின் ஆட்களுக்குத் தப்பி, இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸ் கரைக்கு ஒரே கப்பலில், ஒரே போர்வைக்குள் வந்தவர்கள் அவரும் யோதாமும். கைக்குழந்தைக்குக் கொடுக்கிற ஞானஸ்நானம் செல்லாது என்று யோதாம் சபையில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்ற நாளோடு பேச்சு முறிந்தது.

"சபைக் கல்லறையில எடம் இல்ல. மூப்பருங்க தீர்மானம்."

"செத்து நாலு மணி நேரங்கூட ஆகலையேண்ணே. எப்பக் கூடினீங்க?"

"போன மாசம்."

திர்சாள் அவரையே பார்த்தாள். "அங்க பிஷப்பு செஞ்சதும் இதுதானே?"

"நாம வந்தது நம்ம முறைப்படி கும்பிட. கண்டவன் முறைக்கும் எடம் குடுக்க இல்ல." தொப்பியைக் கையில் திருப்பினார். "உன் நெலத்துலயே பொதச்சுக்கோ. யாரும் தடுக்க மாட்டாங்க."

"தரை கல்லாக் கெடக்கு."

"அப்ப வசந்தம் வரைக்கும் கொட்டகையில வையி."

"கொட்டகைக் கதவை ஓநாய் பேத்து எட்டு நாளாச்சு."

அதற்கு மூப்பர்கள் தீர்மானம் எதுவும் போடவில்லை போலும். தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்குப் பின்னால் கடப்பாரையை ஓங்கிப் போட்டாள். நங்கென்று எகிறியது. மண்ணுக்குள் இருக்கும் ஈரம் உறைந்து, துகளோடு துகளை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது; மூன்றடி ஆழத்துக்கும் அப்படித்தான். நாலு இடத்தில் போட்டுப் பார்த்தாள். கைப்பிடியளவு மண்சில்லு பெயர்ந்தது. உள்ளங்கைத் தோலும் பெயர்ந்தது.

மூச்சு வாங்க நிமிர்ந்தாள். எங்கு பார்த்தாலும் வெள்ளை. வேலியோரக் குவியல் மேல் மட்டும் பனி நிற்கவில்லை. ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

கடப்பாரையை இழுத்துக்கொண்டு அங்கே போனாள். அவன் வைத்த மாதிரியே அடிவைத்து அளந்தாள். ஆறடி. யோதாமும் ஆறடி.

மூப்பர்கள் போன மாதம்தான் கூடினார்கள். இவன் இலை உதிரும்போதே கூட்டத்தை முடித்துவிட்டிருக்கிறான்.

சாணத்தை ஒதுக்கிவிட்டு, கடப்பாரையை ஓங்காமல் சும்மா ஊன்றினாள். முழங்கை ஆழம் இறங்கியது. மக்குகிற சாணத்தின் சூடு கீழே இறங்கிக்கொண்டே இருந்ததால், அந்த ஆறடியில் மட்டும் மண் உறையவில்லை.